ஆங்கிலத்தில் கட்டுரை எழுத: சென்னை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரி அசைன்மென்ட், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு, யுபிஎஸ்சி மெயின்ஸ், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் எஸ்ஓபி (ஏன் அங்கே படிக்க விரும்புகிறோம் என்று விளக்கும் கட்டுரை), ஆபீஸ் ரிப்போர்ட் என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பவர்களுக்கான கேள்வி பதில் இது. சென்னையில் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கில உதாரணங்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். அவற்றை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தப்பும் பிழை பல நேரம் காதில் மாட்டிக்கொள்ளும்.

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலத்தில் நல்ல கட்டுரை எழுத முடியுமா?

முடியும். ஒரு விஷயத்தைத் தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கு எதை முதலில் வைப்பது, எதை விட்டுவிடுவது என்ற தீர்மானம் ஏற்கெனவே கைவந்திருக்கிறது. கட்டுரையில் கஷ்டமான பகுதி அதுதான். ஆர்ட்டிகிளும் (ஏ, ஆன், த) டென்ஸும் கவனமாகப் பழகினால் சில மாதங்களில் பெருமளவு சரியாகிவிடும்.

முழுக்க ஆங்கில வழியில் படித்து, சரளமாகப் பேசுபவர்களின் கட்டுரைகளும் என்னிடம் வருகின்றன. வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் மூன்றாவது பக்கம் வந்த பிறகும் இவர் என்னதான் சொல்ல வருகிறார் என்று பிடிபடாது. அதைச் சரிசெய்யத்தான் அதிக நாள் ஆகிறது. ஆகவே தமிழ் வழி என்பதற்காகத் தயங்க வேண்டாம்.

முதலில் இலக்கணப் புத்தகம் ஒன்றை அட்டை முதல் அட்டை வரை படித்துவிடலாமா?

வேண்டாம். அப்படித் தொடங்கும் பலர் 'நவுன்' அத்தியாயத்தைத் தாண்டுவதில்லை. தாண்டினாலும், படித்த விதி எழுதும் நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். சமீபத்தில் நீங்கள் எழுதிய நாலைந்து கட்டுரைகளையோ நீளமான மெயில்களையோ எடுத்து, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பிழைகளை வட்டமிடச் சொல்லுங்கள். அவர் திருத்த வேண்டாம், வட்டமிட்டால் போதும். பிறகு நீங்களே அந்தப் பிழைகளை வகை பிரியுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தாலும் வகை என்று பார்த்தால் ஐந்தாறுதான் தேறும். ஒருவருக்கு ஆர்ட்டிகிள், இன்னொருவருக்கு கமா, வேறொருவருக்கு 'ஹேட்'. ஒரே பிழையைத்தான் நாம் திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

அந்த ஐந்தாறைப் பற்றி மட்டும் இலக்கணப் புத்தகத்தில் தேடிப் படியுங்கள். நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த கட்டுரையை முடித்ததும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபாருங்கள். ஒரு வகை சரியானதும் பட்டியலில் இருந்து அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இலக்கணத்தில் முன்னேற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறேன். அது தவறா?

கருத்தைத் தமிழில் யோசிப்பதில் எந்தத் தவறும் இல்லை. எந்த மொழியில் உங்களுக்கு ஆழமாக யோசிக்க வருகிறதோ அதில்தான் யோசிக்க வேண்டும். வாக்கியத்தையே தமிழில் கட்டி முடித்துவிட்டு, அதைச் சொல் சொல்லாக ஆங்கிலத்துக்கு மாற்றும்போதுதான் இடிக்கிறது. இரண்டு மொழிகளின் வாக்கியமும் எதிரெதிர் திசையில் நடப்பவை.

'எதிர்வீட்டுக்காரர் நேற்று கொடுத்த புத்தகம்' என்கிறோம். விவரமெல்லாம் முன்னால், புத்தகம் கடைசியில். ஆங்கிலத்தில் 'த புக்' என்று முதலில் சொல்லிவிட்டு 'தட் அவர் நெய்பர் கேவ் மீ யெஸ்டர்டே' என்று விவரத்தைப் பின்னால் சேர்க்க வேண்டும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து வாக்கியத்தை முடிக்கும். ஆங்கிலத்தில் எழுவாய்க்குப் பக்கத்திலேயே வினை வர வேண்டும். எழுவாயைச் சொல்லிவிட்டு இரண்டு வரி கழித்து வினையைக் கொண்டுவந்தால் படிப்பவர் வழி தவறிவிடுவார்.

'இன்று ரொம்ப வெயில்' என்று எழுவாய் இல்லாமலே நமக்கு வாக்கியம் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது. 'டுடே இஸ் வெரி ஹாட்' என்றோ 'இட் இஸ் வெரி ஹாட் டுடே' என்றோ எழுத வேண்டும். 'இன் சென்னை இஸ் வெரி ஹாட்' என்று எழுதுபவர்கள் விட்டுவிடுவது அந்தச் சின்ன 'இட்'டைத்தான்.

அப்புறம் நம் 'தான்', 'ஏ'. 'அவன்தான் சொன்னான்' என்பதை 'ஹீ ஒன்லி டோல்ட்' என்றும், 'இன்றைக்கே வேண்டும்' என்பதை 'டுடே இட்செல்ஃப்' என்றும் எழுதுகிறோம். பேச்சில் சென்னை முழுக்கப் புரியும். கட்டுரையில் 'இட் வாஸ் ஹீ ஹூ டோல்ட் மீ' என்று எழுத வேண்டும். 'இட்செல்ஃப்'பை எடுத்துவிட்டு வெறும் 'டுடே' போட்டாலே பெரும்பாலும் போதும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். சொல்ல வேண்டியதை நாலு குறிப்பாகத் தமிழில் எழுதுங்கள். தாளை மூடிவையுங்கள். தமிழ் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அவருக்கு ஆங்கிலத்தில் வாயால் சொல்லுங்கள். சொன்னதை எழுதுங்கள். மொழிபெயர்ப்பு வாடை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

ஏ, ஆன், த எங்கே போடுவது, எங்கே விடுவது என்று குழப்பமாகவே இருக்கிறது.

தமிழில் ஆர்ட்டிகிள் என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால் இது எல்லோருக்கும் கடைசிவரை கூடவரும் தொல்லை. பெயர்ச்சொல் வரும்போதெல்லாம் மூன்று கேள்வி கேளுங்கள். இதை எண்ண முடியுமா? ஒருமையா? எதைச் சொல்கிறேன் என்று படிப்பவருக்குத் தெரியுமா?

எண்ணக்கூடிய பொருள் ஒருமையில் வந்தால், சில நிலைத்த தொடர்களைத் தவிர, தனியாக நிற்கக் கூடாது. 'ஐ பாட் புக்' தவறு. 'எ புக்', 'த புக்', 'மை புக்' என்று ஏதாவது ஒன்று முன்னால் வர வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் ஆர்ட்டிகிள் பிழைகளில் பெரும்பகுதி போய்விடும். எது என்று படிப்பவருக்குத் தெரியும் என்றால் 'த'. முதல் தடவை சொல்கிறீர்கள் என்றால் 'எ'. பொதுவாகச் சொல்லும் பன்மைக்கும் எண்ண முடியாதவற்றுக்கும் எதுவும் வேண்டாம்: 'சில்ட்ரன் நீட் ஸ்லீப்'. 'த சில்ட்ரன்' என்றால் குறிப்பிட்ட சில குழந்தைகள் என்று ஆகிவிடும்.

'எ' போடுவதா 'ஆன்' போடுவதா என்பதற்கு நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஸ்பெல்லிங்கைப் பார்க்காமல் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். 'அவர்' (மணி நேரம்), 'எம்எல்ஏ', 'எம்பிஏ' எல்லாம் உயிரெழுத்தில் தொடங்குகின்றன, அதனால் 'ஆன்'. 'யுனிவர்சிட்டி', 'யூரோப்பியன்' யகரத்தில் தொடங்குகின்றன, அதனால் 'எ'. 'ஒன்' மட்டும் ஏமாற்றும். அதன் உச்சரிப்பு 'வன்' என்பதால் 'எ ஒன்-வே ஸ்ட்ரீட்'தான் சரி.

எண்ண முடியாதவை என்று சொன்னேன் இல்லையா? 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'எக்விப்மென்ட்', 'லக்கேஜ்', 'ஃபீட்பேக்' ஆகியவற்றுக்கு 'எஸ்' சேர்க்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மேன் ஆகியோர் இணையத்தில் இலவசமாகத் தரும் கற்போருக்கான அகராதிகளைப் பாருங்கள். ஒரு சொல் எண்ணக்கூடியதா இல்லையா என்று அவற்றில் குறித்திருப்பார்கள். சாதாரண ஆங்கிலம்-தமிழ் அகராதியில் பெரும்பாலும் இந்தக் குறிப்பு கிடைக்காது.

டென்ஸில் எங்கே அதிகம் தவறுகிறோம்?

முக்கியமாக மூன்று இடங்கள்.

ஒன்று, காலத்தைக் குறிப்பிட்டுவிட்டு 'ஹேவ்' போடுவது. 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019' என்று பயோடேட்டாவில் பார்க்காத நாள் இல்லை. 2019 என்று சொல்லிவிட்டால் அது முடிந்துபோன காலம். 'ஐ கம்ப்ளீட்டட்' போதும். 'ஹேவ்' என்பது பழைய விஷயத்தை இன்றோடு இணைக்கும்போது வருவது. 2012இல் பெரம்பூருக்குக் குடிவந்து இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள் என்றால் 'ஐ ஹேவ் லிவ்ட் இன் பெரம்பூர் சின்ஸ் 2012'. நாம் இங்கே 'ஐ ஆம் லிவிங் இன் பெரம்பூர் ஃப்ரம் 2012' என்று எழுதிவிடுகிறோம்.

இரண்டு, தேவையில்லாத 'ஹேட்'. 'ஐ ஹேட் கான் டு தாம்பரம் யெஸ்டர்டே' என்றால், அதற்குப் பிறகு வேறொன்று நடந்தது என்று படிப்பவர் காத்திருப்பார். கடந்த காலத்தில் இரண்டு சம்பவம் இருந்து, எது முந்தியது என்று காட்ட வேண்டும் என்றால்தான் அது வரும்: 'வென் வீ ரீச்ட் எக்மோர், த ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்'.

மூன்று, 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நோயிங்' வகை. தமிழில் 'படிக்கிறேன்', 'நம்புகிறேன்' இரண்டுக்கும் ஒரே விகுதி. ஆங்கிலத்தில் செயல்களுக்குத்தான் 'இங்'. உடைமை, அறிவு, நம்பிக்கை, விருப்பம் போன்ற நிலைகளுக்கு அது வராது. 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி, ஏனென்றால் சாப்பிடுவது செயல்.

என் வாக்கியங்கள் ரொம்ப நீளம் என்கிறார்கள். எங்கே வெட்டுவது?

பெரும்பாலும் பிரச்சினை நீளத்தில் இல்லை, கமாவில் இருக்கிறது. 'காலையில் எழுந்து, பஸ் பிடித்து, கிண்டியில் இறங்கி, ஆபீஸுக்கு நடந்தேன்' என்று எழுதுகிறோம். எழுந்து, பிடித்து, இறங்கி எல்லாம் வினையெச்சம். முற்றுவினை கடைசியில் ஒன்றே ஒன்று. அதனால் கமா போட்டு எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். ஆங்கிலத்தில் அதே பழக்கத்தில் 'த பஸ் வாஸ் லேட், ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ' என்று எழுதுகிறோம். இங்கே இரண்டு பக்கமும் தனித்தனி எழுவாய், தனித்தனி முற்றுவினை. இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்ட முடியாது. முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது நடுவில் 'ஸோ' சேருங்கள், அல்லது 'பிகாஸ் த பஸ் வாஸ் லேட், ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ' என்று ஒன்றை மற்றொன்றுக்குக் கீழே கொண்டுவாருங்கள். அரைப்புள்ளியும் வைக்கலாம். ஆனால் அது கைவராத வரை முற்றுப்புள்ளியே நல்லது.

'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்' இரண்டும் 'பட்', 'ஸோ' மாதிரி இணைப்புச் சொற்கள் அல்ல. அவற்றுக்கு முன்னால் கமா மட்டும் போட்டுவிட்டுத் தொடரக் கூடாது. முற்றுப்புள்ளி வைத்து, புது வாக்கியத்தை 'ஹவ்எவர்' என்று தொடங்குங்கள். 'ஆல்தோ' என்று தொடங்கிவிட்டு நடுவில் 'பட்' போடுவதும், 'பிகாஸ்' போட்டுவிட்டு 'ஸோ' போடுவதும் ஒரே வேலையை இரண்டு பேரிடம் கொடுப்பது. ஒன்றை எடுத்துவிடுங்கள்.

பிரிபொசிஷன்களை எப்படிக் கற்றுக்கொள்வது?

தனியாகக் கற்க முடியாது. அதற்கு முன்னால் வரும் சொல்லோடு சேர்த்தே மனதில் பதிய வேண்டும். 'டிபெண்ட் ஆன்', 'மேரீட் டு', 'இன்ட்ரஸ்டட் இன்' என்று ஜோடியாக. தேவையில்லாமல் நாம் சேர்க்கும் இடங்களை மட்டும் மனப்பாடம் செய்யலாம்: 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபௌட்' வேண்டாம், 'எம்ஃபசைஸ்' பக்கத்தில் 'ஆன்' வேண்டாம், 'டிஸ்பைட்' பக்கத்தில் 'ஆஃப்' வேண்டாம், 'ரிட்டர்ன்' பக்கத்தில் 'பேக்' வேண்டாம்.

'டூ த நீட்ஃபுல்', 'ப்ரீபோன்' எல்லாம் தவறான ஆங்கிலமா?

தவறு என்று சொல்ல மாட்டேன். 'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலேயே இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு இடம்பெற்றிருக்கிறது. கோடிக்கணக்கானவர்கள் பேசும் மொழி வடிவத்தைக் கொச்சை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. யார் படிக்கப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' யாரையும் குழப்பாது. எடின்பரோவில் இருக்கும் பேராசிரியருக்கு எழுதும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையே நேராகச் சொல்லிவிடுங்கள். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2021' என்று எழுதினால் அவர் நீங்கள் மயங்கி விழுந்ததாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள். 'ஐ வில் ரிவர்ட்' என்பதற்கு 'ஐ வில் ரிப்ளை'.

பெரிய பெரிய சொற்கள் போட்டால்தான் மார்க் கிடைக்குமா?

இல்லை. கோச்சிங் சென்டர்களில் தரும் 'ப்ளெதரா', 'மிரியட்', 'யூடிலைஸ்' பட்டியல்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். நன்றாக எழுதக்கூடிய பிள்ளைகள் அந்தச் சொற்களைச் செருகியே தங்கள் கட்டுரையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 'யூஸ்' என்பதே போதும் என்ற இடத்தில் 'யூடிலைஸ்' எதற்கு?

சொல்வளம் என்று தேர்வாளர் பார்ப்பது சொல்லின் பொருத்தத்தை. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது ஒவ்வொரு மொழியிலும் ஒரு மரபு. மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்', காபியும் 'ஸ்ட்ராங்'. தவறை 'மேக்' பண்ண வேண்டும், ஆராய்ச்சியை 'டூ' பண்ண வேண்டும், கேள்வியை 'ரெய்ஸ்' பண்ணலாம். இதற்குக் காரணம் தேடிப் பயனில்லை, பழக வேண்டியதுதான். புதிய சொல்லை நோட்டில் எழுதும்போது அர்த்தத்தை மட்டும் எழுதாமல், அது வந்த முழு வாக்கியத்தையும் எழுதிவையுங்கள்.

இணைச்சொல் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 'ஃபேமஸ்', 'நொடோரியஸ்' இரண்டும் ஊரறிந்தவர் என்ற பொருளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் இரண்டாவது கெட்ட பெயருக்கு உரியது. உங்கள் தலைமையாசிரியரை அப்படி வர்ணித்துவிடக் கூடாது.

சொல்லைவிட முக்கியமானது குறிப்பாகச் சொல்வது. 'இன் திஸ் மாடர்ன் வேர்ல்ட்', 'நவடேஸ் பீப்பிள் ஃபேஸ் மெனி இஷ்யூஸ்' என்பவை எந்தத் தலைப்புக்கும் பொருந்தும், அதனால் எதையுமே சொல்வதில்லை. எந்த மக்கள்? எந்தப் பிரச்சினை? வேளச்சேரியில் மழைக்காலத்தில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் என்று எழுதினால் வாக்கியத்துக்கு உயிர் வந்துவிடும்.

கட்டுரையை எப்படி ஒழுங்குபடுத்துவது? எனக்கு எல்லாக் கருத்தும் வருகிறது, ஆனால் கோவையாக வருவதில்லை.

ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு செய்து பார்க்கலாம். 'சென்னையின் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள்தான் தீர்வா?'

முதலில், எழுதத் தொடங்காமல் தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் கொட்டுங்கள். 2015 டிசம்பர் வெள்ளம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நகரின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழை. 2003இல் தமிழகம் முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மீஞ்சூர் ஆலை 2010இல், நெம்மேலி ஆலை 2013இல் தொடங்கின, ஆளுக்கு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது.

பெரும்பாலானவர்கள் இதே வரிசையில் எழுதத் தொடங்கிவிடுவார்கள். அது தகவல் தொகுப்பு ஆகுமே தவிர கட்டுரை ஆகாது. இந்தத் தகவல்களை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அதை ஒரே வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். உதாரணமாக: 'கடல்நீர் ஆலைகள் வறட்சிக் காலத்தில் கைகொடுக்கும் என்றாலும், பெய்யும் மழையைக் கடலுக்கு விட்டுவிட்டு அதே கடலிலிருந்து தண்ணீரைப் பிரிப்பதைவிட, ஏரிகளையும் சதுப்புநிலத்தையும் மீட்பதற்கே முதல் இடம் தர வேண்டும்.' இதுதான் உங்கள் நிலைப்பாடு. முதல் பத்தியின் முடிவுக்குள் இது வந்துவிட வேண்டும்.

இந்த வாக்கியம் கையில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக இடம் பிடிக்கும். முதல் பத்தியில் 2015, 2019 இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். நான்கே வருட இடைவெளியில் வெள்ளமும் வறட்சியும் பார்த்த நகரம் இது என்பதே போதுமான தொடக்கம். தண்ணீரின் மகத்துவம், மனித உடலில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். இரண்டாவது பத்தியில் எதிர்த்தரப்புக்கு நேர்மையாக இடம் கொடுங்கள்: ஆலைகள் மழையை நம்பியிருப்பதில்லை, தினமும் தண்ணீர் தருகின்றன. மூன்றாவது பத்தியில் அவற்றின் விலை: மின்சாரச் செலவு, கடலில் விடப்படும் உப்புக் கழிவு. நான்காவதில் உங்கள் வலுவான வாதம்: மழை சில மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது, அதைப் பிடித்துவைக்க இடம் வேண்டும், அந்த இடங்கள் ஏரிகளும் பள்ளிக்கரணையும்தான், அவையே வெள்ளத்தையும் தணிக்கும். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் ஒரே தீர்வு என்பதால் இது கடைசியில் வருகிறது. வலுவானதைக் கடைசியில் வைத்தால் படிப்பவர் மனதில் அதுவே நிற்கும்.

2003 மழைநீர் சேகரிப்பை எங்கே வைப்பது? நான்காவது பத்தியில் பொருந்தினால் வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தெரிந்த எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்ற ஆசைதான் கோவையைக் குலைக்கிறது. நல்ல தகவலை வெளியே விடும் மனத்திடம் வேண்டும்.

பத்திக்குள்ளே என்ன ஒழுங்கு?

தமிழில் சுற்றிவளைத்து விளக்கிவிட்டுக் கடைசி வரியில் விஷயத்தைப் போட்டு உடைப்பது ஒரு அழகு. ஆங்கிலக் கட்டுரை வாசகர் அதை எதிர்பார்ப்பதில்லை. பத்தியின் முதல் வாக்கியத்திலேயே அந்தப் பத்தி சொல்ல வருவதைச் சொல்லிவிடுங்கள். பிறகு காரணம், பிறகு சான்று. சோதிக்க எளிய வழி: ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் மட்டும் தொடர்ந்து படியுங்கள். வாதம் புரிந்தால் கட்டுரை சரியாக நிற்கிறது.

'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' எத்தனை போடலாம்?

ஒன்றிரண்டு போதும். கருத்துகள் உள்ளுக்குள் இணைந்திருந்தால் இணைப்புச் சொல் அதிகம் தேவைப்படாது. முந்தைய வாக்கியத்தின் முக்கியச் சொல்லை அடுத்த வாக்கியத்தின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டாலே தொடர்ச்சி வந்துவிடும்.

ஐஇஎல்டிஎஸ், யுபிஎஸ்சி இரண்டுக்கும் ஒரே மாதிரி எழுதலாமா?

அடிப்படை ஒன்று, அளவு வேறு. ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வு 60 நிமிடம். முதல் பகுதிக்கு 150 சொற்கள், இரண்டாவதற்கு 250 சொற்களாவது எழுத வேண்டும். இரண்டாவது பகுதிக்கு மதிப்பெண்ணில் இரு மடங்கு எடை இருப்பதால் அதற்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். கேள்விக்கு நேராகப் பதில் சொன்னீர்களா, கோவை இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம் ஆகிய நான்குக்கும் சமமான எடை. ஆக, இலக்கணம் கால் பங்குதான். கேள்வியை விட்டு விலகிப் போனால் பிழையில்லாத ஆங்கிலம் காப்பாற்றாது.

யுபிஎஸ்சி மெயின்ஸில் கட்டுரைத் தாள் 3 மணி நேரம், இரண்டு கட்டுரைகள், தலா 125 மதிப்பெண். ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,200 சொற்கள். இங்கே பல கோணங்களை எடுத்துப் பேச இடம் உண்டு. இதைத் தமிழிலேயே எழுதலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் சிந்தனை எந்த மொழியில் கூர்மையாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

எதைப் படிப்பது? எங்கே கிடைக்கும்?

1878இல் இதே சென்னையில் தொடங்கிய 'தி ஹிந்து'வின் தலையங்கத்தைப் படிக்கும் வழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் கடினமான சொற்களுக்கு அடிக்கோடு போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு பத்தியும் என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் தமிழில் குறியுங்கள்: 'இங்கே பிரச்சினை', 'இங்கே எதிர்வாதம்', 'இங்கே பரிந்துரை' என்று. சில வாரங்களில் கட்டுரையின் எலும்புக்கூடு உங்களுக்குத் தெரியத் தொடங்கும்.

கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கவும் இடம் உண்டு. எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896இலிருந்து இயங்குகிறது. வீட்டில் அமைதி கிடைக்காதவர்கள் இந்த இரண்டையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

சாட்ஜிபிடி, கிராமர்லி பயன்படுத்தலாமா?

நீங்கள் எழுதி முடித்த பிறகு பயன்படுத்தலாம். 'இதை நன்றாக மாற்றி எழுது' என்று கேட்டால் வழவழப்பான ஒரு கட்டுரை வரும், அதில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், எதுவும் கற்றுக்கொண்டிருக்கவும் மாட்டீர்கள். 'பிழைகளைச் சுட்டிக்காட்டு, காரணம் சொல், திருத்தாதே' என்று கேளுங்கள். திருத்தத்தை நீங்களே செய்யுங்கள். அது சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்றும் இல்லை. சில நேரம் நீங்கள் சொல்ல வந்த பொருளையே மாற்றிவிடும். அகராதியோடு ஒப்பிடுங்கள்.

பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கா, அமெரிக்கன் ஸ்பெல்லிங்கா?

ஏதாவது ஒன்று. ஐஇஎல்டிஎஸ் இரண்டையும் ஏற்கும். ஒரே கட்டுரையில் கலக்காதீர்கள்.

எழுதி முடித்தபின் எந்த வரிசையில் சரிபார்ப்பது?

பெரியதிலிருந்து சிறியதற்கு. பலர் முதல் வரியிலிருந்து கமாவைத் திருத்தத் தொடங்கி, பிறகு அந்தப் பத்தியையே நீக்க வேண்டிவரும்போது செய்த வேலை வீணாகிறது. முதலில் கேள்விக்குப் பதில் இருக்கிறதா, நிலைப்பாடு தெளிவா என்று பாருங்கள். அடுத்து பத்திகளின் வரிசை. அதற்குப் பிறகு வாக்கியங்களை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் உடைக்க வேண்டும். கடைசியாக உங்கள் ஐந்தாறு பிழைகளின் பட்டியலை எடுத்து, ஒரு பிழைக்கு ஒரு முறை என்று முழுக் கட்டுரையையும் ஓட்டுங்கள். இந்தச் சுற்றில் மட்டும் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி வாருங்கள். கதையின் ஓட்டத்தில் கண் நழுவாமல் ஒவ்வொரு வாக்கியமும் தனியாகத் தெரியும். தேர்வு அறையில் இவ்வளவுக்கும் நேரம் இருக்காது. ஐந்து நிமிடம்தான் மிச்சம் என்றால் முதல் பத்தியையும் உங்கள் பட்டியலில் முதலில் இருக்கும் பிழையையும் மட்டும் பாருங்கள்.